சனிக்கிழமை அந்தக் கேட்டைத் திறந்துவிடுங்கள்

சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயாவில் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கியிருக்கும் வீடமைப்பு நிறுவனத்தின் நிர்வாகத்தாருக்கு, வணக்கம்.

தோட்டத்தின் பின்பக்கம் ஒரு இடுகாடு இருப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் தகர வேலி அதையும் வளைத்துக்கொண்டுதான் போகிறது. வரும் சனிக்கிழமை காலை அதன் கேட்டை எங்களுக்குத் திறந்துவிட வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நாங்கள் 1986இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தமிழ்ப் பிரிவில் சேர்ந்த 31 பேர். பாதிக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைகள், விடியற்காலையில் அம்மாவோடு ரப்பர் மர நிரைக்குப் போய்ப் பால் மங்கு துடைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடியவர்கள். இது எங்களுக்கு நாற்பதாவது ஆண்டு. 60 வயதில் கட்டாய ஓய்வு என்பதால் பெரும்பாலோர் பள்ளியை விட்டு வருவதும் இதே ஆண்டுதான். ஆறு பேர் இன்று இல்லை. அந்த ஆறில் இரண்டு பேர் உங்கள் வேலிக்குள் இருக்கிறார்கள்.

ஒருவன் எங்கள் வகுப்புத் தலைவன். 1993இல் பள்ளி முடிந்து மோட்டாரில் வரும்போது லோரி மோதிப் போய்விட்டான், 27 வயது. இன்னொருத்தி 2004இல் மார்பகப் புற்றுநோயில் போனாள். அப்பாவுக்குப் பக்கத்திலேயே என்னைப் புதையுங்கள் என்று அவளே சொல்லிவிட்டுப் போனாள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நாங்கள் கூடும்போது முதலில் போவது அங்கேதான். மண்டபம், சாப்பாடு, பாட்டு எல்லாம் அப்புறம். 2021இல் கோவிட் சமயத்தில் ஒரு தோழியைக் கைப்பேசித் திரையில் பார்த்துத்தான் வழியனுப்பினோம், கிட்டே நின்று ஒரு பூப் போட முடியவில்லை. அதிலிருந்து, நிற்க முடிந்த இடத்திலாவது போய் நின்றுவிட வேண்டும் என்பதில் எல்லாரும் பிடிவாதமாகிவிட்டோம்.

சரி, போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். புல் வெட்டிச் சுத்தம் செய்து வைக்கலாம் என்று நாங்கள் நான்கு பேர் போனோம். கூட வகுப்புத் தலைவனின் அம்மாவும் வந்தார். 84 வயது, அதே தோட்டத்தில் முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மடியில் மாலை, கையில் பிளாஸ்க் நிறைய மைலோ, மகனுக்குப் பிடிக்கும் என்று. கேட்டில் சங்கிலி. உள்ளே இருந்த ஜாகா, அதாவது காவலாளி, நேப்பாளத்துப் பையன், கடிதம் இல்லாமல் விடக்கூடாது என்று உத்தரவாம். அவன்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. உங்கள் தள அலுவலகத்துக்கு அழைத்தால் தலைமை அலுவலகத்தைக் கேளுங்கள் என்றார்கள், அங்கே கேட்டால் மின்னஞ்சல் போடுங்கள் என்றார்கள். அங்கேயே வெயிலில் நின்றுகொண்டு மின்னஞ்சலும் போட்டோம். இந்த நிமிடம் வரை பதில் இல்லை.

அம்மா காரிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் இறங்கிப் போய் மாலையைத் தகர இடுக்கு வழியாக அந்தப் பையனிடம் நீட்டினார். வேப்பமரத்துக்குக் கீழே, சிமெண்டுக் கல், அதில் போட்டுவிடு தம்பி என்று பாதித் தமிழிலும் பாதி மலாயிலும் சொன்னார். அவன் போனான். பத்து நிமிடம் கழித்து மாலையோடு திரும்பி வந்து, "மக்சிக், போக்கோ தாடா" என்றான். மரமே இல்லையாம்.

அந்த மரம் அவர் கையால் வைத்தது. அதைத்தான் உங்கள் ஆட்கள் வெட்டியிருக்கிறார்கள். கல் என்ன ஆனது? ஈரச் சிமெண்டில் எங்கள் தலைவனின் தம்பி ஆணியால் பெயர் கீறிய கல் அது, கீழே பத்தாங் பெர்ஜுந்தை என்று ஊரும் இருக்கும். 2007இல் ஊர்ப் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், அந்தக் கல்லில் மட்டும்தான் அவன் பிறந்த ஊர் பழைய பெயரோடு இருந்தது. இருக்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்ல உங்கள் அலுவலகத்தில் ஆளில்லை.

தோட்டம் கைமாறும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது. துண்டு போட்டு விற்ற காலத்தில் வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போனது, அதைப் பார்த்துத்தான் அமைச்சர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டங்களை வாங்கிக்கொள்ள 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். எங்கள் தோட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் இப்போது தாமான் என்கிற வீடமைப்புப் பகுதி வருகிறது. கோயிலைத் தள்ளி வை என்றார்கள், தள்ளி வைத்தார்கள். பள்ளிக்கூடம் இடம் மாறியது. லயம் இடிந்தது. அத்தனைக்கும் எங்கள் ஜனம் சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. செத்தவர்கள் எங்கே கிளம்புவார்கள்? அந்த மண்ணைக் காடழித்துத் தோட்டமாக்கியவர்களும் அங்கேதான் படுத்திருக்கிறார்கள்.

வீடு கட்ட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் அங்கே வீடு வாங்கலாம். வழக்குப் போடும் எண்ணமும் இல்லை. ஆனால் இடுகாட்டுக்குள் அத்துமீறி, உறவுகளின் மனத்தைப் புண்படுத்துவது குற்றம் என்று மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 297ஆவது பிரிவு சொல்கிறது. எங்களில் ஒருவர் அதை அச்சடித்துப் பையில் வைத்திருக்கிறார். அதை அவர் வெளியே எடுக்கும்படி செய்துவிடாதீர்கள்.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்தக் கேட்டைத் திறந்துவிடுங்கள். மரம் எப்போது வெட்டப்பட்டது, கல்லறைகள் அப்படியே இருக்கின்றனவா என்பதை எழுத்தில் சொல்லுங்கள். தாமான் கட்டி முடித்த பிறகும், தீபாவளிக்கு முன்னால் படைக்க வருகிற குடும்பங்கள் யார் காலிலும் விழாமல் போய் வர ஒரு பாதை விட்டு வையுங்கள். பெரிய சாலை வேண்டாம், ஒரு கிழவி தடி ஊன்றி நடக்கிற அகலம் போதும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நாங்கள் 25 பேரும் கேட்டுக்கு வருகிறோம். மண்வெட்டியும் ஒரு வேப்பங்கன்றும் கொண்டு வருவோம். அம்மாவும் வருகிறார். சாவியோடு ஒருவரை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
1986ஆம் ஆண்டுத் தமிழ்ப் பிரிவு மாணவர்கள் சார்பில்,
வகுப்பில் எங்கள் தலைவனின் பக்கத்து இருக்கைக்காரன்