கயல்விழிக்கு: படகின் அடிப்பூச்சு குறித்து

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தின் எம்ஸ்வொர்த்தில் வாங்கியிருக்கும் பாய்மரப் படகின் படங்களை ஒன்று விடாமல் பெரிதாக்கிப் பார்த்தேன். அடிப்பகுதிக்கு எந்த ஆன்டிஃபவுலிங் பெயின்ட், அதாவது கடலுயிர்கள் ஒட்டாமல் தடுக்கும் பெயின்ட், வாங்குவது என்று கேட்டிருந்தாய். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் பூச்சுப் பரிசோதகனாக வேலை பார்த்த காலம் முழுவதும் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்த கேள்வி அது. கடை அலமாரியின் முன் நின்று விலையை ஒப்பிட்டு எடுக்கக்கூடிய முடிவல்ல இது. படகு எதனால் ஆனது, எங்கே நிற்கப் போகிறது, அதன்மேல் ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், எந்தப் பெயின்ட் என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

உன் படகு வெஸ்டர்லி சென்டார். 1969 முதல் 1980 வரை இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட, இருபத்தாறு அடி நீளமுள்ள நல்ல படகு. உடல் ஃபைபர், அடியில் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஏராக்களும் (கீல்) வார்ப்பிரும்பு. ஒற்றை ஏராவுக்குப் பதில் இரண்டு இருப்பதால்தான், சிசெஸ்டர் துறைமுகத்தில் தண்ணீர் வற்றும்போது அது சாயாமல் சேற்றில் நிமிர்ந்து நிற்கிறது. ஃபைபர் உடல், இரும்பு ஏரா, தினம் இருமுறை சேறு: இவை மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

முதலில் எதை எதிர்த்துப் பூசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுத்தமான அடிப்பகுதியைக் கடலில் இறக்கினால், சில நாட்களில் வழுவழுப்பான ஒரு படலம் படியும். பிறகு பாசி வரும். அதோடு பாறையிலும் படகிலும் ஒட்டி வாழும் ஓடுள்ள சிற்றுயிரான கொட்டலசின் இளம் உயிரியும் வந்து, இடம் பார்த்து, தலையை அடியில் வைத்துத் தன் பசையால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் அது நகராது. செத்த பின்னும் அதன் அடித்தகடு சுண்ணாம்பு வட்டமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். நீ அனுப்பிய நான்காவது படத்தில் சுக்கானின் கீழ் விளிம்பில் இருப்பவற்றை உற்றுப் பார். ஒவ்வொன்றின் ஓடும் நான்கு தகடுகளால் ஆகியிருந்தால், அது ஆஸ்திரோமினியஸ் என்ற இனம். உள்ளூர்க் கொட்டலசுக்கு ஆறு தகடு இருக்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்து இனமான அது, பிரிட்டனில் முதன்முதலாக 1940களில் கண்டுபிடிக்கப்பட்டது நீ படகு நிறுத்தப் போகும் இதே சிசெஸ்டர் துறைமுகத்தில்தான். கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து. படகின் வேகம் குறைவது மட்டும் இதில் கேடு அல்ல. அழுக்கான அடிப்பகுதி ஒரு கடலின் உயிரை இன்னொரு கடலில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

நம் தூத்துக்குடிப் பக்கம் வள்ளங்களுக்கு மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசுவதை நீ சிறு வயதில் பார்த்திருக்கிறாய். அது மரத்தைக் காக்கும். கடலிலேயே மாதக்கணக்கில் நிற்கும் படகுக்கு அது போதாது. அதற்குச் செம்பு வேண்டும். பிரிட்டிஷ் கடற்படை 1761ஆம் ஆண்டு ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்துப் பார்த்தது. இரண்டாண்டு கழித்துக் கரையேற்றிப் பார்த்தபோது அடிப்பகுதி சுத்தமாக இருந்தது. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் கிழியாமல் இடையில் மாட்டிக்கொண்ட இடங்களில் மட்டும் இரும்பு பிழைத்திருந்தது. உப்புநீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் இரும்புதான் கரையும் என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது. உன் ஏராக்களுக்கு இது அப்படியே பொருந்தும். செம்பு கலந்த பெயின்டை இரும்பின்மேல் நேராகப் பூசக் கூடாது. அன்று அந்தத் தாள் செய்த வேலையை இன்று எபாக்சி பிரைமர் என்ற கெட்டியான பிசின் அடிப்பூச்சு செய்ய வேண்டும்.

இனி, பழைய பூச்சு. உன் படகு கட்டப்பட்ட காலத்தில் வெள்ளீயச் சேர்மமான டிபிடி கலந்த பெயின்ட் பரவலாக விற்றது. அதைப்போல வேலை செய்த பூச்சை நான் பார்த்ததில்லை. அது செய்த கேட்டையும் மறக்க முடியாது. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிக் குஞ்சுகள் பிழைக்காமல் போயின, வளர்ந்த சிப்பிகளின் ஓடு தடித்துக் கோணியது. இங்கிலாந்துக் கரையில் நாய்ச்சங்கு எனப்படும் சிறு சங்கில், ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலேயே, பெண் சங்குகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்தது. பிரான்ஸ் 1982இலும் பிரிட்டன் 1987இலும் சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தன. உலக அளவிலான உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1987க்கு முன் பூசிய அடுக்கு எதுவும் சுரண்டப்படாமல் உன் படகில் இருந்தால், அந்த வெள்ளீயம் இன்னும் அதற்குள் இருக்கலாம். ஆகவே உலர்ந்த பூச்சில் மின் தேய்ப்பானை வைக்கவே வைக்காதே. அந்தத் தூசி உன் நுரையீரலுக்கும் ஆகாது, பக்கத்துச் சேற்றில் வாழும் எதற்கும் ஆகாது. நீரில் நனைத்த எண்பதாம் நம்பர் உப்புத்தாளால் கையால் தேய். தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, வழியும் கலங்கல் நீரையும் சுரண்டிய சீவலையும் சேர்த்து, படகுத்துறையில் அபாயக் கழிவுக்கென்று வைத்திருக்கும் தொட்டியில் கொடுத்துவிடு. நீள்கை உடை, கண்ணாடி, கையுறை, பெயின்ட் ஆவியையும் தூசியையும் தடுக்கும் வடிகட்டி முகமூடி ஆகியவை இல்லாமல் மாப்பிள்ளையும் கிட்டே வரக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்.

பெயின்டில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒன்று கெட்டிப் பூச்சு. அதிலுள்ள செம்பு மட்டும் கரைந்து வெளியேற, பிசின் தேனடைபோலப் பொத்தல் பொத்தலாக அப்படியே நிற்கும். உரசலைத் தாங்கும் என்பதால், சேற்றில் உட்காரும் படகுகளுக்குப் பெயின்ட் நிறுவனங்கள் பெரும்பாலும் இதையே சொல்லும். ஆனால் செம்பு தீர்ந்த கூடு ஆண்டுதோறும் அடுக்கடுக்காகச் சேர்ந்து, ஒரு நாள் வெடித்துப் பட்டையாக உதிரும். மாதக்கணக்கில் கரையில் காய்ந்தால் அதன் வீரியமும் குறைந்துவிடும். மற்றது தேயும் பூச்சு. இதில் பிசினே கடல்நீரில் மெல்ல மெல்லக் கரைந்து, புதிய பரப்பை வெளிக்காட்டிக்கொண்டே வரும். பருவ முடிவில் அடுக்கு மெலிந்திருக்கும், அடுத்த ஆண்டு தேய்க்கும் வேலை குறையும். சிலிக்கோன் பூச்சு என்று ஒன்றையும் யாராவது உன்னிடம் சொல்வார்கள். அது ஒட்டியதை வேகத்தால் உதறும் பூச்சு. சேற்றில் கிழியும், மெதுவாகப் போகும் படகில் அதன் பலனும் குறைவு. செம்புத்தூள் கலந்த எபாக்சி பல ஆண்டு நிற்கக்கூடியது. ஆனால் பழைய அடுக்கு முழுவதையும் ஃபைபர் வரை எடுத்தாக வேண்டும். படகு உன்னிடம் நிலைக்கும் என்று தெரிந்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

உனக்கு எது? நீ ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுத்த படத்தில், உன் கையுறையின் விரல்நுனி முழுக்க நீலமாக இருக்கிறது. அப்படி நிறம் ஒட்டினால் பழையது தேயும் வகை. அதன்மேல் கெட்டிப் பூச்சைப் பூசினால், அடியில் இருப்பது இளகி, மேலே இருப்பது ஏடு ஏடாக உரியும். கெட்டிப் பூச்சின்மேல் தேயும் பூச்சு பிடிக்கும். மாற்றிச் செய்தால் பிடிக்காது. ஆகவே, நிறுவனங்களின் பொது அறிவுரைக்கு மாறாகத் தோன்றினாலும், நீ தேயும் வகையையே வாங்கு. குளிர்காலம் முழுக்கப் படகு கரையில்தானே இருக்கப் போகிறது. சேறு உரசும் இடங்களுக்கு ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுத்துக்கொள்ளலாம். பழைய பெயின்டின் பெயர் தெரியாததால், உயர்அழுத்த நீரால் கழுவி, தளர்ந்ததைச் சுரண்டி, தேய்த்த பின், இடைப்பூச்சுப் பிரைமர் ஒன்று போடு. பழையதும் புதியதும் ஒன்றையொன்று கெடுக்காமல் அது பார்த்துக்கொள்ளும்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நீர்மட்ட நீளத்தை, அகலமும் ஆழமும் சேர்ந்த தொகையால் பெருக்கு. உன் படகுக்கு ஏறத்தாழ 6.5 மீட்டர் பெருக்கல் 3.5 மீட்டர், அதாவது 23 சதுர மீட்டர். ஒற்றை ஏராவுள்ள மெலிந்த படகுக்கு இதில் ஒரு பங்கை மட்டும் எடுப்பார்கள். உனக்கு இரண்டு ஏரா இருப்பதால் முழுவதையும் எடுத்துக்கொள். ஒரு லிட்டர் சுமார் ஒன்பது சதுர மீட்டருக்கு வரும் என்றால், இரண்டு பூச்சுக்கு ஐந்து லிட்டர் ஆகும். கூடுதல் பூச்சுக்கு மேலும் ஒரு சிறு டப்பா. இந்த ஐந்து லிட்டரும் படகின்மேல் ஏறியாக வேண்டும். மிச்சம் பிடித்தால் பூச்சு மெலிந்துவிட்டது என்று பொருள். மெலிந்த பூச்சு ஆகஸ்டிலேயே தீர்ந்துவிடும். ரோலரை இழுத்து இழுத்துப் பரப்பாதே, டப்பாவில் எழுதியிருப்பதற்கு மேல் தின்னரும் சேர்க்காதே.

ஏராவைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். துருவை உலோகம் பளிச்சென்று தெரியும் வரை எடுத்து, அன்றைக்கே முதல் எபாக்சி பிரைமரைப் பூசிவிடு. ஓர் இரவு விட்டால் மறுபடி செந்துரு பூத்துவிடும். டப்பாவில் சொல்லியிருக்கும் எண்ணிக்கையில் எபாக்சி ஏறிய பின், கடைசிப் பூச்சு முழுதும் காய்வதற்குள் முதல் ஆன்டிஃபவுலிங் பூச்சு வர வேண்டும். கட்டை விரலை அழுத்தினால் ரேகை பதிய வேண்டும், விரலில் பெயின்ட் ஒட்டக் கூடாது, அதுதான் வேளை. அதைத் தவறவிட்டால், காய்ந்த எபாக்சியைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் தொடர முடியும்.

ஏப்ரலில் அங்கே காலையில் பனி இறங்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின்மேல் பூசியதெல்லாம் பின்னால் கொப்புளிக்கும். பரப்பின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலையைவிடக் குறைந்தது மூன்று பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது நாங்கள் பெரிய கப்பல்களுக்கு வைத்திருந்த அளவு. சிறு படகுக்கும் அதுவே. முற்பகலில் வெயில் ஏறியபின் தொடங்கிப் பிற்பகலிலேயே முடித்துவிடு.

பூசும் முன் டப்பாவைக் கிளறுவதில் பொறுமை வேண்டும். செம்பு கனம், அது அடியில் களிமண்ணாகப் படிந்திருக்கும். தட்டையான குச்சியால் அடியிலிருந்து தூக்கித் தூக்கிக் கிளறி, குச்சியை எடுத்தால் கட்டி எதுவும் ஒட்டாத வரை கிளறு. வேலைக்கு நடுவிலும் திரும்பத் திரும்பக் கிளறு. இல்லையென்றால் படகின் ஒரு பக்கத்துக்கு வெறும் பிசினும் மறுபக்கத்துக்குச் செம்பும் போய்ச் சேரும். முதல் பூச்சுக்குச் சிவப்பும் இரண்டாவதற்கு நீலமும் வாங்கு. எங்காவது சிவப்பு தெரியத் தொடங்கினால் அங்கே தேய்ந்துவிட்டது என்று தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றில் நடந்தே பார்த்துவிடலாம். கூடுதல் பூச்சை நீர்மட்டக் கோடு, ஏராக்களின் முன்விளிம்பு, அவற்றின் கீழ்ப்பகுதி, சுக்கான் ஆகியவற்றுக்குக் கொடு. இரண்டு ஏராக்களுக்கும் இடையிலுள்ள உட்பக்கத்தை எல்லாரும் அவசரமாக முடிப்பார்கள். வெளிச்சம் குறைந்த, குனிந்து நுழைய வேண்டிய இடம் அது. கைவிளக்கு வைத்துக்கொண்டு பூசு. துத்தநாகக் கட்டியில் பெயின்ட் படவே கூடாது. இரும்புக்குப் பதில் தான் கரைவதற்காக வைத்தது அது. ஆழமானியின் முகத்துக்கு அதற்கென்று உள்ள நீர்வகைப் பெயின்ட் மட்டும். மாஸ்கிங் டேப்பை, கடைசிப் பூச்சு முழுதும் உலரும் முன் உரித்துவிடு.

படகைத் தாங்கும் முட்டுகளின் அடியில் பூசாத திட்டுகள் நிற்கும். முட்டுகளை இடம் மாற்றும் வேலையை நீங்களே செய்யாதீர்கள், படகுத்துறை ஆட்களைக் கேளுங்கள். இறக்குவதற்காகப் பட்டையில் தூக்கும்போது அந்த இடங்களுக்கும் ஏராவின் அடிக்கும் பூச நேரம் தருவார்களா என்று முன்கூட்டியே பேசி வை. பூசிய பின் எத்தனை மணி நேரத்துக்கு முன் இறக்கக் கூடாது, எத்தனை நாளுக்குள் இறக்க வேண்டும் என்ற இரண்டு கெடுவும் டப்பாவில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் இறக்கும் நாளைக் குறிக்க வேண்டும்.

முடிந்ததும் பெயின்டின் பெயர், வகை, நிறம், பூசிய தேதி, எத்தனை லிட்டர் ஏறியது என்பவற்றைப் படகின் குறிப்பேட்டில் எழுதி வை. உனக்கு முன் இருந்தவர் அதைச் செய்திருந்தால் கையுறை நீலத்தை வைத்து நாம் ஊகிக்க வேண்டியிருந்திருக்காது. இடது ஏரா உடலோடு சேரும் இடத்தில் ஒரு பழுப்புக் கோடு தெரிகிறது. பெயின்டுக் கறையா, உள்ளிருந்து கசியும் துருவா என்று படத்தில் பிடிபடவில்லை. அதைக் கழுவித் துடைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் கிட்டே வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்த பிறகு எபாக்சி வாங்கினால் போதும்.

அன்புடன்,
அப்பா