லிஃப்ட் போடும் பட்டறை அண்ணன்மார்களுக்கு: உயரத்தோடு கோணத்தையும் அளங்க

கோவை, பொள்ளாச்சி, ஈரோடு பக்கம் ஜீப்புக்கும் மஹிந்திரா தார் வண்டிக்கும் லிஃப்ட் போட்டு, அதாவது வண்டியை உயர்த்தித் தரும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கமுங்க. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். தார் ரோட்டை விட்டு இறங்கினால் இட்டேரி என்கிற வேலிக்கு நடுவிலான வண்டித்தடம், அப்புறம் ஒரு பள்ளம், அதைத் தாண்டித்தான் எங்கள் சாளை, அதாவது தோட்டத்து வீடு. மழைக்காலத்தில் மண் அரித்துப் போனால் பள்ளத்துக் கல்லில் வண்டியின் அடிவயிறு உரசும். அதற்காகத்தான் என் பழைய ஜீப்பை நாலு அங்குலம் தூக்கச் சொன்னேன்.

வண்டியை எடுத்த அன்றைக்கே பொள்ளாச்சி ரோட்டில் 55ஐத் தாண்டியதும் உதற ஆரம்பித்தது. ஸ்டியரிங் அமைதியாக இருந்தது. உதறல் சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது. கியர் லீவரின் குமிழ் கைக்குள் விறுவிறுத்தது. கண்ணாடியில் பின்னால் வந்த லாரி இரண்டிரண்டாகத் தெரிந்தது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது, "லிஃப்ட் போட்டா கொஞ்சம் அப்படித்தானுங்க இருக்கும், ஓட ஓட செட் ஆயிரும்" என்றார்கள். பிறகு வீல் பேலன்ஸ் பார்த்தோம், எஞ்சின் மவுண்ட் மாற்றினோம், கடைசியில் டயரும் மாற்றினேன். உதறல் அப்படியே இருந்தது. ஒருநாள் ஆளில்லாத, நேரான மட்டமான ரோட்டில் 70இல் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, எஞ்சினை ஐடிலில் விட்டுப் பார்த்தேன். அப்போதும் உதறியது. எஞ்சினில் கோளாறு இல்லை என்று அதிலேயே தெரிந்துபோயிற்று. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. முதல்நாளே யாராவது செய்திருக்கலாம்.

கண்டுபிடித்தவர் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரிய மிஸ்திரி. பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பின் ஷாஃப்டைக் கழற்றி, செய்தித்தாளை விரித்து, அதன் முனையில் மடங்கிச் சுற்றும் ஜாயிண்டின் நடுவிலுள்ள கூட்டல்குறி மாதிரியான கிராஸின் கப்பைத் தட்டி எடுத்தார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காவிப்பொடி கொட்டியது. கிராஸின் கால் மேல் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். வரி வரியாகக் கோடு தட்டுப்பட்டது. கப்புக்குள் இருக்கும் ஊசி போன்ற உருளைகளான நீடில்கள் ஒரே இடத்தில் அடித்து அடித்துப் பதித்த தடம் அது. லிஃப்டோடு சேர்த்துப் போட்ட புது கிராஸ். இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். மடங்கி நிற்கும் ஜாயிண்ட் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூடி, இரண்டு தடவை குறையும். 10 டிகிரி மடங்கினால் அந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம்தான். 20 டிகிரி ஆனால் ஆறு சதவீதத்துக்கு மேல். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கோணம் ஒன்றாக இருந்து, ஜாயிண்டைப் பிடித்திருக்கும் கவைகளான இரண்டு யோக்கும் ஒரே நேரில் இருந்தால், முன்னது கெடுத்ததைப் பின்னது சரிசெய்துவிடும். என் வண்டியில் முன்னால் 16 டிகிரி, பின்னால் 11. உயரத்துக்காகப் பட்டை ஸ்பிரிங்கின் முனையில் போட்ட நீள சாக்கிள், பின் அச்சின் ஹவுசிங்கைத் திருப்பி, ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் மூக்கை மேலே தூக்கிவிட்டிருந்தது. 70 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்று சுற்றுகிறது. அப்படியென்றால் 5,000 உதை.

குட்டை வண்டிக்கு இது இன்னும் கொடுமை. நாலடி ஷாஃப்டில் நாலு அங்குலம் தூக்கினால் சாய்வு ஐந்து டிகிரிக்குள்தான் கூடும். இரண்டடி ஷாஃப்டில் சுமார் பத்து டிகிரி. ஒரே லிஃப்ட் கிட்டை எல்லா வண்டிக்கும் மாட்ட முடியாது என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

மோட்டாரையும் பம்பையும் கப்ளிங் போட்டு இணைக்கும்போது டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் போல்ட்டை முறுக்காத ஊருங்க நம்ம ஊர். அந்த ஊரில் ஒரு வண்டியை நாலு அங்குலம் தூக்கிவிட்டு, கோணத்தைப் பார்க்காமல் சாவியைக் கையில் கொடுக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

உங்களிடம் கேட்பது பெரிய வேலை ஒன்றுமில்லை. பிரிப்பதற்கு முன்னால், வண்டி தன் காலில் நிற்கும்போது, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) யோக், ஷாஃப்ட், பினியன் யோக் மூன்றிலும் கோணமானியை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு திரும்பவும் அளங்கள். பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஸ்பிரிங்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் ஆப்பு வைத்து ஹவுசிங்கைத் திருப்பலாம். ஆனால் முன் ஹவுசிங்கில் கண்ணை மூடிக்கொண்டு ஆப்பு வைத்தால் காஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு, மாறி ஸ்டியரிங் அலையும். 2020இல் வந்த தாரில் பின்னால் காயில் ஸ்பிரிங்கும், ஹவுசிங்கைப் பிடித்திருக்கும் லிங்க் தண்டுகளும். அங்கே லிங்க் நீளத்தில்தான் சரிசெய்ய வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் டபுள் ஜாயிண்ட் ஷாஃப்ட் போட்டால் கணக்கே வேறு, பினியன் மூக்கு ஏறக்குறைய நேராக டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்க வேண்டும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஷாஃப்ட் நீண்டு குறுகும் பல் பகுதியான ஸ்ப்ளைன் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதையும் ஒருக்கா பாருங்கள். அதெல்லாம் முடிந்தபிறகு 70 வரைக்கும் நீங்களே ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஆறு அங்குலம் கேட்டு வரும் பையனிடம் "வேண்டாம் தம்பி" என்று சொல்லவும் தயங்காதீர்கள்; உங்கள் வாயால் சொன்னால் கேட்பான். வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

என் ஜீப் இப்போது இரண்டரை அங்குல உயரத்தில் நிற்கிறது. நீள சாக்கிளைக் கழற்றி, இரண்டு டிகிரி இரும்பு ஆப்பு வைத்திருக்கிறோம். பள்ளத்தைத் தாண்ட அந்த உயரமே போதுமாக இருக்கிறது. மிஸ்திரி பில்லுக்குப் பின்னால் பென்சிலில் "முன் 12, பின் 11½" என்று எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் டாஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது. அடுத்து உங்கள் பட்டறைக்கு வரும் வண்டிக்கும் அந்த இரண்டு எண்ணை எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆனைமலைப் பக்கத்துத் தோப்புக்காரன்