யாருடைய காலை ஒன்பது மணி?

திருப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

உன் மெயிலுக்கு உடனே பதில் போட முடியவில்லை. ஷிப்மென்ட் நெருக்கடி நேற்றுதான் ஓய்ந்தது. அம்மா முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு இப்போது தானாகவே படியேறுகிறார். உன்னை ரொம்ப விசாரித்தார். சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான், இனி வேலைக்குத் திரும்பப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். உன் கண்ணும் கையும் வீட்டோடு நின்றுவிடுமோ என்ற கவலை எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

வேலை, தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் எப்படிப் பதிவு போடுவது என்று அந்த ஆன்லைன் வகுப்பில் கொடுத்த பட்டியலை அனுப்பி, இதெல்லாம் உண்மையா என்று கேட்டிருக்கிறாய். செவ்வாய், புதன், வியாழன் காலை ஒன்பது மணிக்குப் போடு. லிங்க்கைப் பதிவில் வைக்காதே, கமெண்டில் வை. ஒரு வரிக்கு ஒரு பத்தி. கடைசியில் ஒரு கேள்வி. தினமும் ஒரு பதிவு. போன வருஷம் எங்கள் கம்பெனிக்காக நான் லிங்க்ட்இன்னில் எழுத ஆரம்பித்தபோது எனக்கும் இதே பட்டியல்தான் கிடைத்தது. ஒவ்வொன்றாக சோதித்துப் பார்த்தேன்.

எதைச் சோதித்தாலும் அந்த ஒன்றை மட்டும் மாற்றினேன். எந்தப் பதிவைக் காலையில் போடுவது, எதை இரவில் போடுவது என்பதைக் காசு சுண்டி முடிவு செய்தேன். நாமே தேர்ந்தெடுத்தால், நன்றாக வந்த பதிவைத்தான் நல்ல நேரத்துக்கென்று எடுத்து வைப்போம். அப்புறம் நேரம் ஜெயித்ததா, எழுத்து ஜெயித்ததா என்றே தெரியாது. இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் பண்ணையில் ரொனால்ட் ஃபிஷர் 1920களில் வயல் சோதனைகளுக்குக் குலுக்கல் முறையைக் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். துணி ரோலில் அழகாக இருக்கிற இடமாகப் பார்த்து சாம்பிள் வெட்டக் கூடாது என்று லேப்பில் நீ புதுப் பையன்களைத் திட்டுவாயே, அதே விஷயம்.

முதலில், பதிவு போடும் நேரத்தைப் பார்ப்போம். காலையில் போட்ட பதிவுகளுக்குள்ளேயே ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதற்கு முன்னால் காலைக்கும் இரவுக்கும் இருந்த வித்தியாசம் கணக்கிலேயே வரவில்லை. அதைவிட முக்கியமான கேள்வி, யாருடைய காலை ஒன்பது மணி? இந்த அறிவுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் இருப்பவர்கள் அமெரிக்க வாசகர்களை வைத்துச் சொன்னவை. நமக்கு ஒன்பது அடிக்கும்போது ஜெர்மனியில் குளிர்காலம் என்றால் விடியற்காலை நாலரை. எங்களிடம் துணி வாங்கும் என் பையர்கள் அப்போது தூக்கத்தில் இருப்பார்கள். உனக்கு வேலை கொடுக்கப் போகிறவர் பெருமாநல்லூரிலோ அவிநாசியிலோ இருக்கும் ஃபேக்டரி மேனேஜர் என்றால், அவர் காலை ஒன்பது மணிக்கு புரொடக்‌ஷன் மீட்டிங்கில் நிற்பார். ஃபோனைக் கையில் எடுப்பது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

லிங்க் விஷயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. பதிவிலேயே வைத்தபோது பார்வை எண்ணிக்கை சற்றுக் குறைவாகத் தெரிந்தது. ஆனால் கமெண்டில் வைத்தபோது அந்த லிங்க்கைத் திறந்தவர்களே குறைந்துபோனார்கள். எங்கள் ஃபேப்ரிக் கேட்லாக்கை பையர் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே பதிவே போடுகிறேன்? அதனால் நான் பதிவிலேயே வைக்கிறேன்.

'ஆமாம் என்றால் லைக் போடுங்கள்' என்று முடிக்கச் சொல்லியிருக்கிறார்களே, அதை அடித்துவிடு. அப்படி லைக்கும் கமெண்டும் கேட்டு வாங்கும் பதிவுகளைக் குறைத்துக் காட்டப்போவதாக லிங்க்ட்இன்னே 2022 மே மாதம் அறிவித்துவிட்டது. ஒரு வரிக்கு ஒரு பத்தி போடச் சொல்வது, வாசகரை 'மேலும்' என்பதை அழுத்த வைப்பதற்காக. 2020-இல் லிங்க்ட்இன் இன்ஜினியர்கள் எழுதிய விளக்கத்தில், பதிவில் பாதியாவது திரையில் தெரியத் தொடங்கியதிலிருந்து ஒருவர் அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதையும் வரிசைப்படுத்தும்போது சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். திறந்து பார்த்து உள்ளே ஒன்றுமில்லை என்றால் யார் நிற்பார்கள்?

தினமும் எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல விஷயம் இருக்கும்போது எழுது.

எனக்குப் பலன் தந்த பதிவைப் பற்றிச் சொல்கிறேன். சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பின்னல் துணியில் தைத்த டி-ஷர்ட்டைத் துவைத்ததும் சைடு சீம் முன்பக்கமாகத் திரும்பிக்கொள்ளுமே, அந்த ஸ்பைராலிட்டியைப் பற்றி எழுதினேன். தையல்காரர்மேல் பழி போடுவார்கள், ஆனால் முறுக்கு அதிகமான நூல் துவைத்ததும் பிரிந்துகொள்ளப் பார்ப்பதால்தான் பின்னலின் லூப் சாய்கிறது என்று ஆரம்பித்தேன். வெட்டுவதற்கு முன்னாலேயே துணியில் ஒரு சதுரம் வரைந்து, துவைத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் எவ்வளவு திரும்பும் என்று தெரிந்துவிடும். எஸ், இசட் என்று எதிரெதிர்த் திசையில் முறுக்கிய நூல்களை ஒன்றுவிட்டு ஒன்றாக, பின்னல் மெஷினுக்கு நூல் ஊட்டும் ஃபீடரில் கொடுத்தால் சாய்வு வெகுவாகக் குறையும். இவ்வளவுதான் எழுதினேன். அளவுகோல் வைத்த துணியின் படம் ஒன்று. ஹேஷ்டேக் இல்லை, கேள்வி இல்லை. பார்வை எண்ணிக்கையில் அது நடுத்தரமான பதிவுதான். ஆனால் ஒரு நிட்டிங் மாஸ்டர் கமெண்டில் வந்து நூலின் பருமனைக் குறிக்கும் கவுன்ட் பற்றி விவாதம் செய்தார். நான் முகம்கூடப் பார்த்திராத, துணி கொள்முதலைக் கவனிக்கும் ஒரு சோர்சிங் மேனேஜர் தனிச்செய்தி அனுப்பி சாம்பிள் கேட்டார். என் ஊர்க்காரர்களும் காலேஜ் தோழிகளும் லைக் அள்ளித் தந்த மகளிர் தினப் பதிவு அப்படி யாரையும் கொண்டுவரவில்லை.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய ஆய்வும் இருக்கிறது. 'உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம்' என்று லிங்க்ட்இன் காட்டுகிறதே, அந்தப் பகுதியை ஆட்களுக்குத் தக்கபடி மாற்றி மாற்றிக் காட்டி, ஐந்து வருஷங்களில் சுமார் 2 கோடிப் பேரிடம் சோதனை நடத்தியிருக்கிறார்கள். முடிவு 2022 செப்டம்பரில் சயின்ஸ் இதழில் வந்தது. நெருங்கிய நண்பர்களைவிட, ஓரளவு தெரிந்த, பொதுவான தொடர்புகள் கொஞ்சமே உள்ள ஆட்கள் வழியாகத்தான் வேலை மாற்றம் அதிகம் நடந்திருக்கிறது. மார்க் கிரானோவெட்டர் 1973-இலேயே சொன்ன கருத்துதான். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு, அதை யாரும் உன் வகுப்பில் சொல்லியிருக்க மாட்டார்கள். டிஜிட்டல் சார்ந்த துறைகளில்தான் இந்தத் தூரத்துப் பழக்கம் பலன் தருகிறது. டிஜிட்டல் அவ்வளவாக நுழையாத துறைகளில் நெருங்கிய பழக்கமே கைகொடுக்கிறது. சாயப்பட்டறையும் நிட்டிங்கும் எந்தப் பக்கம் என்று உனக்கே தெரியும். அதனால் லிங்க்ட்இன்னில் எழுது, கூடவே நம் பழைய டையிங் மாஸ்டருக்கும் ஃபோன் போடு. அவர் இன்னும் உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுகிறார்.

முதல் பதிவுக்கு உன்னிடம் விஷயம் தயாராகவே இருக்கிறது. நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் லைட் பாக்ஸில், பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கில் ஓகே ஆன அந்த நேவி நிறத் துணி, கடை விளக்கான டிஎல்84-க்கு மாற்றியதும் சிவப்படித்ததை நீதானே முதலில் பிடித்தாய்? தனித்தனியாகச் சாயம் போட்ட இரண்டு லாட்டிலும் சாயக் கலவை வேறு என்று ரெசிபி புத்தகத்தைப் புரட்டிக் காட்டினாயே. அதை நடந்தபடியே எழுது. பையர் பெயரும் ஆர்டர் விவரமும் வெளியே வரக் கூடாது. கம்பெனி பெயரும் வேண்டாம். 3,000 எழுத்துவரை இடம் உண்டு, உனக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. ஆறு வருஷ இடைவெளிக்கு முதல் வரியிலேயே சமாதானம் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்களாமே, அது எனக்குச் சம்மதமில்லை. இடைவெளி உன் புரொஃபைலில் இருக்கிறது, கேட்பவர்கள் கேட்கட்டும். பதிவில் அந்த நேவியைப் பற்றி மட்டும் பேசு.

போட்ட பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மணிக்கொரு தரம் திறந்து பார்க்காதே. யார் கமெண்ட் போட்டார்கள், அவர் எந்த யூனிட்டில் என்ன வேலையில் இருக்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வை. அவர் எழுதியதற்கு நீயும் போய்ப் பதில் எழுது. ரெண்டு மாதம் கழித்து அந்த நோட்டைச் சேர்ந்து பார்ப்போம்.

புதன்கிழமைக்குள் எழுதி எனக்கு அனுப்பு, படித்துவிட்டுச் சொல்கிறேன். அடுத்த மாதம் அக்கா வீட்டு விசேஷத்துக்கு சேலம் வருகிறேன், ரெண்டு நாள் இருப்பேன். சின்னவனுக்கு எங்கள் யூனிட்டிலிருந்து நல்ல இன்டர்லாக் துணியில் இரண்டு டி-ஷர்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அளவை மட்டும் எழுது.

அன்புடன்,
மல்லிகா