முதலில் ஹெட்ஃபோன், அப்புறம் ஆம்ப்

அன்புள்ள கண்ணம்மா,

போன வாரம் நீ போனில் கேட்டதற்குப் பாதி பதில்தான் சொன்னேன். கையில் இருக்கும் பணத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்து ஒரு ஹெட்ஃபோனும், அதற்குப் போகும் சிக்னலின் பலத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர், அதாவது ஒரு ஆம்பும் வாங்கிவிடட்டுமா என்று கேட்டாய். இல்லையென்றால் பரணில் கிடக்கும் நம் பழைய ஸ்டீரியோ ஆம்பை எடுத்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்டாய். இரண்டுமே வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்வதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. கொஞ்சம் கணக்கு வரும் விஷயம் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

பணம் மொத்தத்தையும் முதலில் ஹெட்ஃபோனுக்கு ஒதுக்கு. ஆம்புக்கென்று இப்போது எதையும் எடுத்து வைக்காதே. நம் காதுக்கு வந்து சேரும் ஒலியின் குணத்தைத் தீர்மானிப்பது ஹெட்ஃபோனுக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் டிரைவரும், அதைச் சுற்றியுள்ள கூடும், காதைச் சூழும் குஷனும்தான். இரண்டு ஹெட்ஃபோன்களை எடுத்துக்கொண்டால் பேஸிலோ (கீழ் ஸ்தாயி) ட்ரெபிளிலோ (மேல் ஸ்தாயி) 5 டெசிபல், 10 டெசிபல் வித்தியாசம் வருவது சர்வசாதாரணம். ஒழுங்காகச் செய்த இரண்டு ஆம்புகளுக்கு நடுவே, மனிதக் காது கேட்கும் எல்லைக்குள், அதில் ஒரு சிறு துளி வித்தியாசத்தைக்கூடக் கருவி வைத்துத்தான் தேட வேண்டியிருக்கும்.

இதை நான் புரிந்துகொண்டது உன்னால்தான். நீ பத்தாவது படித்தபோது நான் இரண்டாவதாக ஒரு பெரிய ஆம்ப் வாங்கினேன், ஞாபகம் இருக்கிறதா? மாதக்கணக்கில் சேர்த்த பணம். வாங்கிய பிறகு பாடுபவரின் குரலில் ஆழம் கூடிவிட்டது, வயலின் இன்னும் கிட்டத்தில் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நீதான் கேட்டாய், "எது ஓடுதுன்னு பார்க்காம சொல்லுவியாம்மா?" என்று. ஒரே சீரான டோன் ஒன்றை ஓடவிட்டு, மல்டிமீட்டரை வைத்து இரண்டு ஆம்பிலும் வெளிவரும் வோல்ட்டேஜைச் சமமாக்கினோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன், நீ பின்னால் நின்று மாற்றி மாற்றிப் போட்டாய். 20 முறை போட்டதில் 11 முறை சரியாகச் சொன்னேன். காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வந்திருக்கும். அப்புறம் எனக்குத் தெரியாமல் சின்ன ஆம்பின் வால்யூமை ஒரு டெசிபல் அளவுக்கு நீ ஏற்றி வைத்தாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அந்தச் சின்னதைத்தான் "இதுதான் பெரிய ஆம்ப், இதில்தான் ஆழம் இருக்கிறது" என்று நான் சொன்னேன். சற்றே உரக்க ஒலிப்பது காதுக்கு நல்லதாகப் படும். எங்கே போய் எதை ஒப்பிட்டுக் கேட்டாலும் இதை மனதில் வைத்துக்கொள்.

சரி, ஹெட்ஃபோனுக்கு வருகிறேன். நீ முதலில் முடிவு செய்ய வேண்டியது பிராண்டை இல்லை. பின்பக்கம் திறந்ததா, மூடியதா என்பதை. ஓப்பன் பேக் என்றால் கூட்டின் வெளிப்பக்கம் வலை போலத் திறந்திருக்கும். ஒலி அடைபடாமல் விரிந்து கேட்கும், காதும் வியர்க்காது. 1968இல் சென்ஹைசர் கொண்டுவந்த எச்டி 414 தான் விற்பனைக்கு வந்த முதல் ஓப்பன் பேக் ஹெட்ஃபோன். அமைதியான அறையில் தனியாக உட்கார்ந்து கேட்பதற்கு இந்த வகையை மிஞ்ச ஒன்றுமில்லை என்பதுதான் என் எண்ணம். ஆனால் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், நீ கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்.

உன் அறையில் மின்விசிறிச் சத்தமும் தெருச் சத்தமும் எந்நேரமும் இருக்கிறது என்றாய். அப்படியென்றால் உனக்கு மூடியது, அதாவது குளோஸ்டு பேக்தான் சரி. இதைச் சும்மா சொல்லவில்லை. ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலையில் இத்தனை வருஷம் இருந்தேன் அல்லவா? அந்த அறையில் எட்டுப் பேர், எட்டு மெஷின். அந்த இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமே என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போனேன். ஏற்றுகிறோம் என்பதே தெரியவில்லை. இப்போது ராத்திரி வீடு அடங்கியதும் என் இடது காதில் ஒரு மெல்லிய கீச்சொலி ஆரம்பித்துவிடும். உள்காதில் ஒலியை வாங்கும் நுண்மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். 10 டெசிபல் ஏறியதற்கு நேரம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது பார். வெளிச்சத்தத்தைத் தடுக்கும் ஹெட்ஃபோன் இருந்தால் வால்யூமை ஏற்றும் தேவையே வராது.

போட்டுப் பார்க்காமல் வாங்காதே. நீ கண்ணாடி போடுபவள். கண்ணாடியின் காம்பு குஷனுக்கு அடியில் இடைவெளி விட்டால், மூடிய வகையில் பேஸ் அந்த வழியாகவே ஒழுகிப் போய்விடும். அதைக் கேட்டுவிட்டு ஹெட்ஃபோனில் பேஸ் இல்லை என்று நினைத்துவிடுவோம். கையால் மெதுவாக அழுத்திப் பார். அழுத்தும்போது பேஸ் ஏறினால் உன் தலைக்கு அது சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். அரை மணி நேரமாவது தலையில் இருக்கட்டும். உச்சந்தலையில் ஒரு புள்ளியில் வலித்தாலோ காதுமடல் உள்ளே துணியில் உரசினாலோ, ஒலி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஒரு மாதத்தில் அது அலமாரிக்குப் போய்விடும்.

கேட்டுப் பார்க்க, உனக்கு மனப்பாடமான பதிவுகளையே எடுத்துக்கொண்டு போ. ஒரு பெண் குரல், ஒரு ஆண் பேச்சு, ஒரு மிருதங்கம் போதும். பேச்சில் ச, ஸ, ஷ வரும் இடங்கள் ஊசியாகக் குத்தினால் மேல் ஸ்தாயி தூக்கலாக இருக்கிறது. ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் பேஸின் மேல்பகுதி வீங்கியிருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து 'தோம்' அடித்து அடங்க வேண்டும். அது அடுத்த சொல்லின் மேல் வழிந்தால் அந்த ஹெட்ஃபோன் வேண்டாம். போகப் போகச் சரியாகிவிடும், நூறு மணி நேரம் ஓடவிட்டால் திறந்துகொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பி வாங்காதே. குஷன் கொஞ்சம் இளகும், உன் காது அந்த ஒலிக்குப் பழகும், அவ்வளவுதான்.

இப்போது ஆம்ப் வேண்டுமா வேண்டாமா என்ற கணக்கு. பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இம்பீடன்ஸ், அதாவது கரண்ட் ஓடுவதற்கு ஹெட்ஃபோன் காட்டும் தடை, ஓமில். இன்னொன்று சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் பவருக்கோ வோல்ட்டுக்கோ எவ்வளவு சத்தம் வரும் என்பது, டெசிபலில். எல்லோரும் ஓமை மட்டும் பார்த்து "300 ஓம், இதற்கு ஆம்ப் கட்டாயம்" என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

300 ஓம் ஹெட்ஃபோன் ஒன்று, சென்சிட்டிவிட்டி மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் என்று வைத்துக்கொள். போனில் செருகி ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளும் ஒரு சின்ன டாங்கிள் அதிகபட்சம் 1 வோல்ட் தருகிறது. 1 வோல்ட்டை வர்க்கமாக்கி 300ஆல் வகுத்தால் 3.3 மில்லிவாட். பத்து மடங்கு பவருக்கு 10 டெசிபல், இரு மடங்குக்கு 3 டெசிபல் என்று ஏறும். அந்தக் கணக்கில் 3.3 மடங்குக்கு 5 டெசிபல் கூடி, மொத்தம் 102 வரும். நீ சராசரியாக 75 டெசிபலில் கேட்டால், பாட்டில் திடீரென்று எழும் உச்சங்களுக்கு 27 டெசிபல் மிச்சம் இருக்கிறது. அது தாராளம். ஆம்ப் இல்லாமலே ஆயிற்று. இதே 97 டெசிபல் உள்ள 32 ஓம் ஹெட்ஃபோன் என்றால் அதே 1 வோல்ட்டில் 112 டெசிபல் வரும். அந்தச் சத்தத்தை நீ தொடவே கூடாது.

அதே சமயம், ஓம் குறைவாக இருந்தால் ஆம்ப் தேவைப்படாது என்றும் எடுத்துக்கொள்ளாதே. மெல்லிய படலம் முழுவதும் அதிரும் பிளேனார் வகை ஹெட்ஃபோன்களில் பல, ஓம் குறைவாக இருந்தும் சென்சிட்டிவிட்டியிலும் குறைந்தவை. அவை கரண்ட்டை நிறையக் கேட்கும். இன்னொரு பொறி, சில கம்பெனிகள் சென்சிட்டிவிட்டியை மில்லிவாட்டுக்கு இத்தனை என்று போடும், சில வோல்ட்டுக்கு இத்தனை என்று போடும். 32 ஓமில் இந்த இரண்டுக்கும் 15 டெசிபல் இடைவெளி உண்டு. ஒன்றை மற்றதோடு நேராக ஒப்பிட்டால் ஏமாந்துபோவாய்.

உனக்கு ஆம்ப் உண்மையிலேயே தேவைப்படுவது ஈக்வலைசர், அதாவது பேஸையும் ட்ரெபிளையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி, பயன்படுத்தும்போதாக இருக்கலாம். அதை நீ அவசியம் பழக வேண்டும் என்பது என் ஆசை. கம்ப்யூட்டரிலும் போனிலும் இலவசமாகவே கிடைக்கிறது. ஹெட்ஃபோனின் குறையை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றி இறக்கிச் சரிசெய்வது, இன்னொரு பெட்டி வாங்குவதைவிடப் பல மடங்கு பலன் தரும். ஆனால் பேஸை 6 டெசிபல் ஏற்றினால், ஒலி உடையாமல் இருக்க மொத்த அளவை 6 டெசிபல் இறக்கி வைக்க வேண்டும். மேலே சொன்ன 102, 96 ஆகிவிடும். அப்போதும் சத்தம் போதவில்லை என்றால் ஆம்ப் வாங்கு. அதற்கு முன்னால் வேண்டாம்.

பரணில் இருக்கும் ஸ்டீரியோ ஆம்பை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அது ஸ்பீக்கருக்காகச் செய்தது. ஹெட்ஃபோன் துளைக்கு வரும் வழியில் நூறு ஓமுக்கு மேல் ஒரு ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டிருக்கிறார்கள். சாதாரண டிரைவர் உள்ள ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ் எல்லா ஸ்தாயியிலும் ஒரே மாதிரி இருக்காது; பேஸ் பகுதியில் ஒரு மேடு எழும்பும். ஆம்ப் பக்கம் இவ்வளவு ஓம் இருந்தால் அந்த மேட்டில் மட்டும் வோல்ட்டேஜ் கூடிப் போய், பேஸ் தொளதொளவென்று வீங்கிவிடும். ஆம்ப் பக்கம் இருக்கும் இந்தத் தடை, அதாவது அவுட்புட் இம்பீடன்ஸ், ஹெட்ஃபோனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 32 ஓமுக்கு 4 ஓம், அதற்குள் இருந்தால் நல்லது. அந்தப் பரண் ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் ஹெட்ஃபோனைக் கோக்கும் யோசனை வந்தால் தயவுசெய்து செய்யாதே. டிரைவரும் போகும், காதும் போகும்.

பின்னால் ஆம்ப் வாங்கும் நாள் வந்தால், டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக மாற்றும் டிஏசியும் ஆம்பும் ஒரே பெட்டியில் இருக்கும் சிறியது போதும். அவுட்புட் இம்பீடன்ஸ் ஒன்றிரண்டு ஓமுக்குள் இருக்கட்டும், சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை மாற்றும் கெய்ன் சுவிட்ச் இருக்கட்டும். இயர்ஃபோனுக்குக் கெய்னைக் குறைத்தே வை; அதிகமாக வைத்தால் பின்னணியில் உஸ்ஸென்ற இரைச்சல் கேட்கும், வால்யூம் குமிழும் ஆரம்பத்திலேயே துள்ளும். ஹெட்ஃபோனைச் செருகும்போது குமிழ் எப்போதும் அடியில் இருக்க வேண்டும். வயர்லெஸ் ஹெட்ஃபோன் வாங்குவதாக மனம் மாறினால் இந்தப் பேச்சே கிடையாது, அதற்குள்ளேயே ஆம்ப் இருக்கிறது. ஆனால் அதன் பேட்டரிக்கு வயசாகும்.

அதனால்தான் வயர் வைத்ததையே, அதுவும் பாகங்களை மாற்ற முடிகிறதையே நான் சொல்வேன். சோனியின் எம்டிஆர் 7506 வந்தது 1991இல். சென்ஹைசரின் எச்டி 600 வந்தது 1997இல். இரண்டுக்கும் இன்றும் குஷன் வாங்கி மாட்டலாம். முதலாவது மூடியது, 63 ஓம். உன் அறைக்கு ஒத்துவரும். கைமாறி வருவதை வாங்கினாலும் தப்பில்லை. குஷன் நசுங்கியிருந்தால் ஒலியே மாறியிருக்கும். புதுக் குஷனுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள். ஒரே குரலை மோனோவில், அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போகும்படி, ஓடவிடு, அது தலைக்கு நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் டிரைவர் ஒன்று சோர்ந்திருக்கிறது. வயரைச் செருகும் இடத்தில் லேசாக அசைத்துப் பார், கரகரப்பு வரக் கூடாது.

அந்த மல்டிமீட்டரை உனக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த முறை வரும்போது கொண்டுபோ. அதற்கு முன்னால், நீ பார்த்து வைத்திருக்கும் இரண்டு மூன்று ஹெட்ஃபோன்களின் ஓமும் டெசிபலும் எழுதி அனுப்பு. மில்லிவாட்டுக்கா வோல்ட்டுக்கா என்பதையும் மறக்காமல் எழுது. உன் போனும் லேப்டாப்பும் எத்தனை வோல்ட் தருகின்றன என்று நான் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா