எஸ்டிபி என்பது டிஸ்க்கின் பெயர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரக் கணினிப் பக்கத்தில், லினக்ஸில் புது ஹார்ட் டிஸ்க் மாட்டுவது பற்றிய குறிப்பில், "புது டிஸ்க் எஸ்டிபி என்று வரும், அதை ஃபார்மட் செய்யுங்கள்" என்று போட்டிருந்தீர்கள். நான் காரைக்குடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அந்த ஒரு வரியை நம்பினால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்தவன்.

போன ஆவணியில் 4 டிபி டிஸ்க் ஒன்று வாங்கினேன். படங்கள் இருந்த பழைய டிஸ்க்கும் அதே கம்பெனி, அதே 4 டிபி. மாட்டியதும் புதுசு எஸ்டிபி, பழசு எஸ்டிசி என்று வந்தது. எஃப்டிஸ்க் கட்டளையில் பார்ட்டிஷன் போட்டு, அதாவது டிஸ்க்கைப் பகுதி பிரித்து முடித்தேன், கரண்ட் போனது. வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஃபார்மட் செய்யும் எம்கேஎஃப்எஸ் கட்டளையை எஸ்டிபி என்றே கொடுத்துத் தட்டினேன். இதில் ஏற்கெனவே ஈஎக்ஸ்டி4 (லினக்ஸ் ஃபைல்களைச் சேமிக்கும் முறை) இருக்கிறது, தொடரவா என்று கேட்டது. கடைசியாக எந்த ஃபோல்டரில் மவுண்ட் ஆனது (இணைந்தது) என்றுகூடக் காட்டியது. ஆனால் அந்த ஃபோல்டர் பெயர் முழ நீளத்துக்கு எண்ணும் எழுத்துமாக இருந்தது. வழக்கமாகக் கேட்கிற கேள்விதானே என்று 'ஒய்' தட்டிவிட்டேன். கரண்ட் வந்து பூட் ஆனபோது இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. மூன்று கல்யாணம், ஒரு வளைகாப்பு போயிற்று. வளைகாப்பு மட்டும் மெமரி கார்டில் மிச்சமிருந்தது.

எஸ்டிஏ, எஸ்டிபி எல்லாம் லினக்ஸின் மையமான கெர்னல், டிஸ்க்கைக் கண்ட வரிசையில் கொடுக்கிற டோக்கன் நம்பர்; பூட்டுக்குப் பூட்டு மாறலாம். பழைய டிஸ்க்குக்கு லேபிள், அதாவது நாமே கொடுக்கும் பெயர், வைத்திருந்தால் அந்த எச்சரிக்கையிலேயே பெயர் வந்திருக்கும், என் கையும் நின்றிருக்கும். இப்போது டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் சீரியல் நம்பரையும் வரவழைத்து, டிஸ்க் மேலுள்ள ஸ்டிக்கரோடு ஒத்துப்பார்க்காமல் எதையும் தொடுவதில்லை. எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று எழுதி வைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலிலும் எஸ்டிபி இல்லை, லேபிள்தான்.

லேபிளைத் தமிழில் வைக்க ஆசைப்பட்டு 'படங்கள்' என்று கொடுத்தேன். பாதியில் வெட்டிவிட்டது. ஈஎக்ஸ்டி4 லேபிளுக்கு 16 பைட்தான் இடம். தமிழில் எழுத்துக்கு 3 பைட், புள்ளிக்குத் தனியாக 3, ஆக 21. 'படம்' என்று சுருக்கினேன், 12. உட்கார்ந்துவிட்டது!

இன்னொன்று. எஃப்டிஸ்க்கில் 'ஓ' அழுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். அது பார்ட்டிஷன் விவரம் எழுதும் பழைய டாஸ் அட்டவணை. 2 டிபியைச் சற்றுத் தாண்டினாலே அதற்கு எட்டாது. என் டிஸ்க்கில் கிட்டத்தட்டப் பாதி சும்மா கிடந்திருக்கும். 'ஜி' அழுத்தினால்தான் ஜிபிடி என்ற புது அட்டவணை. 'டபிள்யூ' அழுத்தும்வரை டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது, சந்தேகம் வந்தால் 'க்யூ' அழுத்தி வெளியே வந்துவிடலாம் என்பதையாவது போட்டிருக்கலாம்.

திருத்தத்தை மூலையில் பொடி எழுத்தில் போடாமல் அதே கணினிப் பக்கத்தில் போடுங்கள். குறிப்பை வெட்டி எடுத்து வைத்திருப்பவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
ஸ்டுடியோக்காரர்,
காரைக்குடி