சட்டைக்கை மேல் கட்டிய பட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மாவட்டப் பக்கத்தில், கடலோர ஊர் ஒன்றின் இலவச முகாமில் "பாதிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதே செய்தியின் கடைசிப் பத்தியில் நாட்டில் நான்கில் ஒருவருக்கு. நடுப்பக்கக் கட்டுரையில் மூன்றில் ஒருவருக்கு. வாசகர் தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டீர்கள் போலும்.

பின் இரண்டும் எங்கிருந்து வந்தவை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 15 வயது முதல் எண்ணியது: பெண்களில் 21, ஆண்களில் 24 சதவீதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இன்டியாப் ஆய்வு 20 வயது முதல் எண்ணி 35.5 சதவீதம் என்றது. இரண்டிலும் 140/90தான் கோடு, அதைத் தொட்டாலே ரத்தக்கொதிப்பு; மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சேர்த்தி. எண்ணிய வயதும் ஆண்டுகளும் வேறு. இதைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த வரிதான் இல்லை.

முகாம் கணக்கை இவற்றோடு சேர்க்கவே கூடாது. முகாமுக்கு வருவோரில் வயதானவர்களும், ஏற்கெனவே மாத்திரைச் சீட்டு வைத்திருப்பவர்களுமே அதிகம். அந்தப் பாதி, ஊரில் பாதி ஆகாது.

அளந்த விதத்துக்கு நீங்கள் போட்ட படமே சாட்சி. பிரஷர் கருவியின் பட்டை சட்டைக்கையின் மேல் கட்டியிருக்கிறது. பெரியவரின் கை தொங்குகிறது, கால்மேல் கால், வாய் எதிரே இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கிறது. கை நெஞ்சு மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தாலே 7, 8 புள்ளி கூடக் காட்டும். பேச்சு தன் பங்குக்கு ஏற்றும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை என்றால் இன்னும் மோசம். 128 உள்ளவர் 142 என்று சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார், உங்கள் தலைப்பிலும் ஒரு தலை கூடும்.

முறை ஒன்றும் பெரிய வித்தை அல்ல. காபி, பீடி முடிந்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். வெறுங்கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டை, கை மேசைமேல். ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளக்க வேண்டும். கூடுதலாக வந்தால் இன்னொரு நாளும் பார்க்காமல் ரத்தக்கொதிப்பு என்று பெயர் சூட்டக் கூடாது.

இது முதல் முறையும் அல்ல. "இந்துப்பு பிரஷருக்கு நல்லது" என்று உங்கள் சமையல் பக்கம் எழுதியது. இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். மறுத்து எழுதிய கடிதம் எந்தக் கூடையில் கிடக்கிறதோ. உலக சுகாதார நிறுவனம் உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டி. நம் மாவட்டத்தில் மரச்சீனிக்கிழங்கு அவிக்கப் போடும் உப்பு, கருவாட்டுச் சம்மந்தி, உப்பிலிட்ட மாங்காய் என்று மத்தியானத்துக்குள் அது தீர்ந்துவிடும். கருவாட்டை ஊறவைத்து இரண்டு தண்ணீர் கொட்டச் சொல்லியிருந்தால் பக்கத்துக்கு மதிப்பு. "பிரஷர் நார்மல் ஆயிட்டு" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு, மாத்திரையால்தான் நார்மல் என்று ஒரு கட்டம் கட்டிப் போட்டதுண்டா?

தாங்கள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். அடுத்த முறை எண்ணுக்குப் பக்கத்தில் எந்த வயதினர், எத்தனை முறை அளந்தது என்று அடைப்புக்குறிக்குள் போடுங்கள். இடமில்லை என்றால் அந்தப் படத்தையாவது மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தக்கலை.