ஓட்டுநருக்கும் முதலுதவிப் பயிற்சி வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர்ப் பகுதிகளுக்குச் செல்லும் வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கான ஆலோசனைகளைத் தொகுத்து நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அனுமதி அட்டை, காப்பீடு, செயற்கைக்கோள் தொலைபேசி, கவச அங்கி எல்லாம் விரிவாக வந்திருந்தன. 'முதலுதவிப் பெட்டி எடுத்துச் செல்லவும்' என்பது மட்டும் ஒரே வரியோடு முடிந்துவிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு போர்முனைக்குப் புறப்படும் செய்தியாளர்களுக்கு ரத்தப்போக்கை நிறுத்தக் கற்றுக்கொடுத்து வருகிறேன். அந்த ஒரு வரியைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டா நகரில் நடந்த தாக்குதலில் புகைப்படச் செய்தியாளர்கள் டிம் ஹெதரிங்டனும் கிறிஸ் ஹாண்ட்ரோஸும் உயிரிழந்தார்கள். ஹாண்ட்ரோஸுக்குத் தலையில் காயம். ஹெதரிங்டனுக்குத் தொடையிடுக்கில் குண்டுச் சிதறல் பாய்ந்திருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் ரத்தம் வெளியேறியே அவர் இறந்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு ரத்தப்போக்கை நிறுத்தத் தெரிந்திருந்தால் அவரைக் காப்பாற்ற வாய்ப்பு இருந்திருக்கும் என்ற எண்ணம் அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கரை விடவில்லை. சுயேச்சைச் செய்தியாளர்களுக்கு இலவச முதலுதவிப் பயிற்சி தரும் அமைப்பை அவர் தொடங்கியது அதனால்தான்.

கவச அங்கியை நான் குறைத்துச் சொல்லவில்லை. கட்டாயம் அணிய வேண்டும். ஆனால் அது எதைக் காக்கிறது என்று தெரிந்து அணிய வேண்டும். உள்ளே கடினமான தகடு வைக்காத அங்கி சிதறல்களையும் கைத்துப்பாக்கிக் குண்டையும் தாங்கும். ரைஃபிள் குண்டைத் தாங்காது. தகடு வைத்தாலும் அது மறைப்பது இதயத்தையும் நுரையீரலையும்தான். கழுத்தும் அக்குளும் தொடையிடுக்கும் கைகால்களும் திறந்தே இருக்கின்றன. தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்து சேரும் என்று எந்தப் போர்முனையிலும் நம்பியிருக்க முடியாது.

கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால் டூர்னிகெட் என்ற இறுக்குப் பட்டையைக் காயத்துக்கு மேலே 5 முதல் 8 சென்டிமீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும்; முழங்கால், முழங்கை மூட்டின் மீதே கட்டக்கூடாது. சுற்றிலும் குண்டு விழும்போது காயத்தைத் தேடிக்கொண்டிருக்காமல், உடுப்பின் மேலேயே, தொடையிலோ புஜத்திலோ எவ்வளவு மேலே முடியுமோ அங்கே கட்டலாம். ரத்தம் நிற்கும்வரை, பட்டையை இறுக்க அதிலேயே இருக்கும் குச்சியைத் திருக வேண்டும். அடிபட்டவர் வலி தாங்காமல் அலறுவார், அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சுவார். அவிழ்க்கக்கூடாது. கட்டிய நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். தொடையிடுக்கிலும் அக்குளிலும் பட்டை கட்ட வழியில்லை. காஸ் துணியைக் காயத்துக்குள் ஆழமாகத் திணித்து, உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். இரக்கப்பட்டு மென்மையாக அழுத்துகிறவர்களைத்தான் நான் வகுப்பில் அதிகம் திருத்துகிறேன். மலிவு விலைப் போலிப் பட்டைகளும் சந்தையில் இருக்கின்றன; திருகும்போதே குச்சி ஒடிந்துவிடும். நல்ல பட்டையாக வாங்கி, பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, இரண்டு கைக்கும் எட்டும் இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். பையின் அடியில் கிடந்தால் பயனில்லை.

இனிச் சொல்வதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம். வெளிநாட்டுச் செய்தியாளர் அடிபடும்போது பக்கத்தில் இருப்பவர் யார்? பெரும்பாலும் அந்த ஊர் ஓட்டுநர் அல்லது மொழிபெயர்ப்பாளர். அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஒரு பயிற்சிக்கு ஒரு செய்தி நிறுவனம் இரண்டு நிருபர்களை அனுப்பியிருந்தது. அவர்களோடு வேலை செய்யும் ஓட்டுநரும் வந்திருந்தார், ஆனால் பட்டியலில் பெயர் இல்லாததால் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எனக்கு அடிபட்டால் வண்டியை யார் ஓட்டுவது?" நிருபர்கள் இருவருக்கும் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. எந்த மருத்துவமனை இயங்குகிறது, எந்த வழியாகப் போவது என்பதும் அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அன்று மாலை பாடத்தை நிறுத்திவிட்டு இதைத்தான் பேசினோம்.

2022 மார்ச் 14 அன்று உக்ரைன் தலைநகர் கீவ் அருகே ஹோரென்கா கிராமத்தில் ஒரு தொலைக்காட்சிக் குழுவின் வாகனம் தாக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் பியர் ஸக்ரெவ்ஸ்கியோடு இறந்தவர் ஒலெக்சாண்ட்ரா குவ்ஷினோவா, அந்நாட்டுப் பெண். வெளிநாட்டுக் குழுவுக்குத் துணையாகப் போனவர். நிருபர் பெஞ்சமின் ஹால் கடும் காயங்களோடு தப்பினார். ஒரே வண்டியில் போகிறவர்களுக்கு ஆபத்து தனித்தனியாக வருவதில்லை. செய்தியாளர் பாதுகாப்பு குறித்து ஐ.நா. பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 1738 (2006), 2222 (2015) தீர்மானங்களும் செய்தியாளர்களோடு அவர்களுக்குத் துணையாகப் பணிபுரிபவர்களையும் சேர்த்தே பேசுகின்றன. செய்தி நிறுவனங்களின் செலவுக் கணக்கில் மட்டும் அவர்கள் விடுபட்டுப்போகிறார்கள். நிருபருக்குத் தகடு வைத்த அங்கி, ஓட்டுநருக்கு வெறும் சட்டை என்ற நிலை எனக்குக் கோபத்தையே தருகிறது.

வண்டியில் எத்தனை பேரோ அத்தனை அங்கி, அத்தனை தலைக்கவசம், அத்தனை இறுக்குப் பட்டை வேண்டும். அடிபட்டவருக்கு அவரவர் பட்டையையே பயன்படுத்த வேண்டும் என்பதால், எல்லோரும் ஒரே இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய நாள், வண்டி இருக்கையில் உட்கார்ந்தபடி, இருட்டில், பழக்கமில்லாத கையால் கட்டிப் பழக வேண்டும். ஓட்டுநரும் மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்தே. அவர்களுக்கும் காப்பீடு எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்த விவரங்களைச் சேர்த்து அந்தக் கட்டுரையை நீங்கள் மீண்டும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நாளிதழே நாளை ஒரு நிருபரை அப்படி ஓர் இடத்துக்கு அனுப்புவதானால், அங்கே அவருக்கு வண்டி ஓட்டப்போகிறவரின் பெயரையும் பயிற்சிப் பட்டியலில் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்